வடுவைக் காட்டு: புகலிடமும் மருத்துவமும் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

2019 மார்ச் 6ஆம் தேதி பிரித்தானிய உச்சநீதிமன்றம் ஒரு தஞ்ச வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வழக்குத் தொடுத்தவர் 2011இல் அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர். நீதிமன்ற ஏடுகளில் அவருக்குப் பெயர் இல்லை, இரண்டு எழுத்துகள்தாம். புலிகளுக்காகத் தங்க நகைகளை உருக்கிக் கொடுத்தவர் என்றும், அந்தத் தங்கம் எங்கே என்று கேட்டுத் தடுப்புக்காவலில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கையிலும் முதுகிலும் சுட்டார்கள் என்றும் அவர் சொன்னார். வடுக்கள் இருந்தன. சூட்டு வடுக்கள்தாம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் மேல் தீர்ப்பாயம் வேறொரு கேள்வி போட்டது: இதை நீயே ஏன் ஆள்வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கக் கூடாது? முதுகில் உள்ள வடுக்களின் விளிம்பு இவ்வளவு நேர்த்தியாக இருக்கிறதே, துடிக்கிற உடம்பில் இப்படி விழுமா? மயக்கமருந்து கொடுத்துச் செய்த வேலையாக இருக்கலாமே?

கையில் சுடும்போது நினைவிருந்தது, துடித்தேன். முதுகில் சுடும்போது மயங்கிக் கிடந்தேன் என்று அவர் சொல்லியிருந்தார். பரிசோதித்த மருத்துவரும் கை வடுக்கள் கலைந்தும் முதுகு வடுக்கள் ஒழுங்காகவும் இருப்பதற்கு இந்த விளக்கம் பொருந்துகிறது என்றே எழுதியிருந்தார். போதவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல், மூவரில் ஒரு நீதிபதி மாறுபட்டபோதும், அவருக்கு எதிராகவே முடிவெடுத்தது. மருத்துவர் தன் எல்லையைத் தாண்டிவிட்டார் என்றும் கடிந்துகொண்டது. உச்சநீதிமன்றம்தான் இதைத் திருத்திற்று. இலங்கையில் சித்திரவதை நடப்பதற்குச் சான்றுகள் மலைபோல் கிடக்கின்றன. தஞ்சம் கோருவதற்காக ஒருவர் தன்னை இப்படிச் சுடவைத்துக்கொள்வதற்கோ சான்றென்று சொல்ல எதுவுமே இல்லாத நிலை. எனவே அது மிக மிக அரிதாகவே இருக்க முடியும் என்றது. வழக்கு மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

சரி, நீதி கிடைத்தது என்று நகர்ந்துவிடலாமா? நமக்கு அக்கறை தீர்ப்பில் இல்லை, அந்தக் கேள்வியில்தான். முதுகு வெந்த மனிதனின் முன்னால் உட்கார்ந்து வடுவின் விளிம்பை அளக்கிற ஒரு பார்வை எங்கிருந்து வந்தது? மருத்துவருக்கு அந்த அறையில் இடம் கொடுத்தது யார்? கொடூர வன்முறையிலிருந்து தப்பி இன்னொரு நாட்டுக்கு வந்தவர்களுக்கான மருத்துவம் என்று இன்று நாம் அறிகிற துறைக்கு இரண்டு பிறப்பிடங்கள் உண்டு. ஒன்று காப்பீட்டு அலுவலகம். இன்னொன்று தலைமறைவு அறை. இரண்டின் பிள்ளைகளும் இன்றைக்கு ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த இரட்டைப் பிறப்பைப் புரிந்துகொள்ளாமல் ‘மனிதாபிமான மருத்துவம்’ என்று பொத்தாம்பொதுவாகப் பேசுவதில் பயனில்லை.

2

1884இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆலையில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு உண்டு என்றானது. 1889இல் ஹெர்மன் ஓப்பன்ஹைம் என்ற பெர்லின் நரம்பியல் மருத்துவர் ‘அதிர்ச்சிசார் நரம்புநோய்’ என்ற கருத்தாக்கத்தை முன்வைத்தார். எலும்பு முறியாமல், ரத்தம் சிந்தாமல்கூட ஒரு விபத்து மனிதனை நோயாளியாக்கும் என்பது அதன் சாரம். மறுபக்கத்திலிருந்து பதில் வந்தது: இவன் நோயாளி இல்லை, காசுக்கு ஆசைப்படுகிறவன். ‘பென்ஷன் நரம்புநோய்’ என்றே ஒரு பெயரும் கண்டுபிடித்துவிட்டார்கள். நோய்க்குக் காரணம் விபத்து அன்று, பென்ஷன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே. பென்ஷனை நிறுத்து, நோய் ஓடிப்போகும். தொழிலாளியின் உடம்பின்மீது முதலாளியத்துக்கு இருக்கிற சந்தேகம் இப்படி மருத்துவச் சொல்லாடலாக மாறிற்று.

முதல் உலகப்போரில் இந்தச் சந்தேகம் பட்டாளத்துக்குள் போனது. பதுங்குகுழியில் நடுங்கிப்போன, பேச்சு நின்றுபோன சிப்பாய்களுக்கு 1916இலிருந்து காஃப்மன் முறையில் மின்சாரம் பாய்ச்சினார்கள். கூடவே இராணுவக் கட்டளைகளை உரத்த குரலில் இட்டார்கள். நோயாக இருப்பதைவிடப் போர்முனையே மேல் என்று அவன் நினைக்கிற அளவுக்கு வலி கொடுப்பது, அவ்ளோதான் சிகிச்சை. 1926இல் ஜெர்மானியக் காப்பீட்டுத் தலைமை அலுவலகம் இத்தகைய நரம்புநோய்களுக்கு இழப்பீடு கிடையாது என்று முடிவு கட்டியது. ஆரோக்கியமான மனிதன் எந்த அதிர்ச்சியிலிருந்தும் மீண்டுவிடுவான். மீளவில்லையென்றால் குறை அவனுடைய பிறவியமைப்பில் இருக்கிறது. இதுவே அன்றைய கோட்பாடு.

இதற்கும் அகதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 1956இல் மேற்கு ஜெர்மனி நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்களுக்கான இழப்பீட்டுச் சட்டத்தை நிறைவேற்றி, அதை 1953 முதல் செல்லுபடியாக்கியது. உயிர்தப்பியவர்கள் அதற்குள் நியூயார்க், லண்டன், டெல் அவிவ் என்று சிதறிப்போயிருந்தார்கள். உடல்நலக் கேட்டுக்கான பென்ஷன் வேண்டுமென்றால் உழைக்கும் திறனில் குறைந்தது 25 விழுக்காடு போய்விட்டதென்றும், அது முகாமினால்தான் போனதென்றும் மருத்துவர் சான்று தரவேண்டும். எந்த மருத்துவர்? 1926இன் கோட்பாட்டில் படித்து வளர்ந்தவர். அவர் முன்னால், குழந்தைகளைப் பறிகொடுத்த, இரவெல்லாம் அலறுகிற ஒரு மனுஷி உட்கார்ந்திருக்கிறார். எலும்பு முறிவு இல்லை, காசநோய் இல்லை. ‘பிறவியமைப்புக் கோளாறு’ என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். ஆஷ்விட்ஸிலிருந்து வந்தவரை நோக்கி ‘உனக்கு ஏற்கெனவே ஏதோ குறை இருந்திருக்கிறது’ என்று சொல்ல ஒரு விஞ்ஞானத்தால் முடிந்தது.

3

இந்த விஞ்ஞானத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர்கள் தாங்களே அகதிகளாக இருந்தவர்கள். இதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது.

லியோ ஐட்டிங்கர் 1912இல் மொராவியாவில் பிறந்த யூதர். 1939இல் நாஜிகளுக்குத் தப்பி நார்வேயில் தஞ்சம் புகுந்தார். அங்கிருந்தே பிடிபட்டு 1943இல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டார். உயிரோடு திரும்பியவர், ஓஸ்லோவில் உளமருத்துவராகி அகதிகளின் மனநோய்களைப் பற்றி முதலில் ஆய்வு செய்தார். பிறகு நார்வேயிலும் இஸ்ரேலிலும் வாழ்ந்த முகாம்வாசிகளைப் பரிசோதித்து 1964இல் நூலாக வெளியிட்டார். பட்டினியும் அடியும் தலைக்காயமும் சேர்ந்து உடம்பிலும் மனதிலும் நீங்காத சேதம் செய்கின்றன, அதற்குப் பிறவிக்குறை தேவையில்லை என்று அவரால் காட்ட முடிந்தது. நியூயார்க்கில் வில்லியம் நீடர்லண்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர், அவரும் ஜெர்மனியிலிருந்து ஓடிவந்தவர்தான், இழப்பீட்டு மனுதாரர்களைப் பரிசோதிக்கிற வேலையைச் செய்துகொண்டே ‘தப்பிப்பிழைத்தோர் நோய்க்குறி’ என்ற வரையறையை உருவாக்கினார். எல்லோரும் செத்தபிறகு நான் மட்டும் ஏன் இருக்கிறேன் என்ற குற்றவுணர்வை அதன் மையத்தில் வைத்தார். வியன்னாவிலிருந்து வந்த குர்ட் ஐஸ்லர் 1963இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி: தன் பிள்ளைகளில் எத்தனை பேர் கொல்லப்படுவதை ஒருவர் நோய்க்குறி இல்லாமல் தாங்கிக்கொண்டால் அவருக்கு நல்ல பிறவியமைப்பு என்று ஒத்துக்கொள்வீர்கள்?

1965இல் சட்டம் திருத்தப்பட்டது. ஓராண்டாவது வதைமுகாமில் இருந்தவர் என்றால் அந்த 25 விழுக்காட்டு இழப்பு முகாமினால் வந்தது என்றே கொள்ளப்படும் என்றானது. இந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு நோயாளியின் உடம்பிலிருந்து வரலாற்றுக்கு மாற்றப்படுகிறது. ‘உன் காயத்தைக் காட்டு’ என்பதற்குப் பதில், ‘நீ எங்கே இருந்தாய் என்பது எங்களுக்குத் தெரியும்’. அகதி மருத்துவத்தின் வரலாற்றில் இப்படிப்பட்ட தருணங்கள் குறைவு. இதுவும் கொலைகள் முடிந்து இருபது ஆண்டுகள் ஆனபிறகுதான் வந்தது.

அதே காலத்தில் பிரான்சில் வேறொரு குடிபெயர்ந்தவர் கூட்டம் மருத்துவமனை வாசலில் நின்றது. அல்ஜீரியத் தொழிலாளர்கள். ‘உடம்பெல்லாம் நோகுது டாக்டர்’ என்பார்கள். எங்கே நோகுது என்றால் எல்லா இடத்தையும் காட்டுவார்கள். காயம் இல்லை, கட்டி இல்லை. பொய் சொல்கிறான், சோம்பேறி என்று மருத்துவர்கள் முடிவு கட்டினார்கள். 1952இல் ஃப்ரான்ஸ் ஃபனான் ‘வட ஆப்பிரிக்க நோய்க்குறி’ பற்றி எழுதியது இந்த முடிவுகட்டலைப் பற்றித்தான். நோயாளி வருவதற்கு முன்பே அவனைப் பற்றிய தீர்ப்பு மருத்துவரிடம் தயாராக இருக்கிறது என்றார். வேரறுந்து, குடும்பமில்லாமல், வெறுப்பின் நடுவே வாழ்கிற வாழ்க்கையே அந்த வலி. 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனைக்குப் போன ஃபனான் 1956இல் பதவியை விட்டு விலகினார். ஒரு மக்கள் கூட்டத்தையே தன் மண்ணில் அந்நியராக்கிவிட்டு, அதே மக்களில் ஒருவரைக் குணப்படுத்தி எங்கே திருப்பி அனுப்புவது என்பது அவருடைய பிரச்சினை. 1961 நூலில் சித்திரவதைக்கு ஆளானவனையும் சித்திரவதை செய்த போலீஸ்காரனையும் ஒரே அத்தியாயத்தில் நோயாளிகளாக அவர் பதிவு செய்தார். செய்தவனும் தூக்கமில்லாமல் தவிக்கிறான். ஆனால் அவன் கேட்பது என்ன? மனசு உறுத்தாமல் தொடர்ந்து சித்திரவதை செய்ய மருந்து கொடு என்கிறான். ‘எல்லாரும் பாதிக்கப்பட்டவர்கள்தான்’ என்று பேசுகிறவர்கள் அந்த அத்தியாயத்தை ஒருமுறை வாசிப்பது நல்லது.

4

இனி, தலைமறைவு அறை.

1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் அயெந்தே அரசு கவிழ்க்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் கைதாகினர், காணாமல்போயினர், நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டனர். உள்ளே தங்கியவர்களுக்காகத் தேவாலயங்களின் நிழலில் உதவி அமைப்புகள் தோன்றின. 1975இல் உருவான ஃபாசிக் என்ற அமைப்பின் உளவியலாளர்கள், ஆட்சி உச்சத்தில் இருந்தபோதே, அதன் மூக்குக்குக் கீழேயே சிகிச்சை நடத்தினார்கள். அவர்களில் எலிசபெத் லீராவும் எவுகேனியா வெயின்ஸ்டைனும் 1983இல் ஓர் அமெரிக்க ஆய்விதழில் புனைபெயர்களில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உண்மைப் பெயரில் எழுதினால் உயிருக்கு உத்தரவாதமில்லை. ‘சாட்சியம்’ என்பதைச் சிகிச்சைக் கருவியாக மாற்றியதைப் பற்றிய கட்டுரை அது.

முறை எளிமையானது. தப்பிப்பிழைத்தவர் பேசுகிறார், ஒலிநாடாவில் பதிவாகிறது, எழுத்தில் இறக்குகிறார்கள், இருவரும் சேர்ந்து திருத்துகிறார்கள். கடைசியில் ஒரு பிரதி உருவாகிறது. அது அவருடையது. அவர் விரும்பினால் ஆட்சிக்கு எதிரான குற்றச்சாட்டு ஆவணமாகவும் வெளியே போகும். சித்திரவதைக் கூடத்தில் பேச்சு என்பது பிடுங்கப்பட்டது, காட்டிக்கொடுப்பது. இங்கே அதே பேச்சு குற்றம் சாட்டுவதாக மாறுகிறது. ‘என்னத்தச் சொல்லித்தொலைச்சேன்’ என்ற கூச்சம் ‘இதைச் செய்தார்கள்’ என்ற வாக்கியமாகத் திரும்புகிறது. இன்னொன்றையும் சிலியர்கள் சொன்னார்கள்: சிகிச்சையாளர் நடுநிலையாக இருக்க முடியாது. ‘பொறுப்பேற்ற பிணைப்பு’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். எதிரே இருப்பவருக்கு நேர்ந்தது குற்றம் என்பதை ஒப்புக்கொள்ளாத மருத்துவர் அவரைத் தொடவே முடியாது என்பதே இதன் பொருள்.

நாடுகடந்தவர்களும் இதையே கொண்டுபோனார்கள். பெல்ஜியத்தில் 1976இலேயே லத்தீன் அமெரிக்க அகதிகளான உளநலப் பணியாளர்கள் தம் மக்களுக்காகக் கூட்டாகச் செயல்படத் தொடங்கினார்கள். அகதிக்கு அகதியே மருத்துவர். கோபன்ஹேகனில் 1974இல் இங்கே கெனஃப்கே முதலிய சில டேனிஷ் மருத்துவர்கள், ஆம்னஸ்டி இன்டர்நேஷனலின் அழைப்பை ஏற்று, சிலியிலிருந்தும் இராணுவ ஆட்சிக்கால கிரீஸிலிருந்தும் வந்தவர்களைப் பரிசோதித்தார்கள். முதல் நோக்கம் சிகிச்சை அன்று. தடயம் விடாமல் சித்திரவதை செய்கிறவர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பது. பரிசோதிக்கப் போனால், மாதங்கள் வருடங்கள் கடந்தும் இவர்கள் நோயோடு இருக்கிறார்கள் என்பது தெரிந்தது. 1982இல் கோபன்ஹேகன் மறுவாழ்வு மையம் இப்படித்தான் பிறந்தது.

அங்கே உருவான நடைமுறை அறிவு சிறியதுபோலத் தெரியும், ஆனால் முக்கியமானது. இதயத் துடிப்பை அளக்கும் கம்பிகளை நெஞ்சில் ஒட்டினால், மின்சாரம் பாய்ச்சப்பட்டவருக்கு என்ன ஆகும்? பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கச் சொன்னால்? மூடிய கதவின் வெளியே நெடுநேரம் காக்கவைத்தால்? பாலியல் வதைக்கு ஆளான பெண்ணைப் பரிசோதனை மேசையில் படுக்கச் சொன்னால்? மருத்துவமனையின் அன்றாட ஒழுங்கே சித்திரவதைக் கூடத்தின் ஒழுங்கை ஒத்திருக்கிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். ஒவ்வொரு கருவியையும் முதலில் விளக்கு, அனுமதி கேள், வேண்டாமென்றால் விடு. பாதத்தில் அடிபட்டவருக்குக் காலையும் பார், கனவையும் கேள். சித்திரவதைக் கூடங்களில் மருத்துவர்களும் இருந்தார்கள் என்பதால் வெள்ளை அங்கி இங்கே நம்பிக்கையின் அடையாளமாக இருக்க முடியாது.

லண்டனில் 1985இல் சித்திரவதைக்கு ஆளானோருக்கான மருத்துவ அறக்கட்டளையைத் தொடங்கிய ஹெலன் பாம்பர் மருத்துவர் இல்லை. இருபது வயதில், 1945இல், விடுவிக்கப்பட்ட பெர்கன்-பெல்சன் முகாமில் நிவாரணப் பணியாளராக இருந்தவர். அங்கே மக்கள் அவரிடம் மருந்து மட்டும் கேட்கவில்லை, கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். இவர்கள் சொல்வதை யாராவது எடுத்துச்செல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். அந்த லண்டன் அமைப்பு மருந்தும் ஆலோசனையும் கொடுத்தது. நகரத்துத் தோட்டத் துண்டுகளில் மண்கொத்திப் பயிரிடுகிற சிகிச்சையையும் நடத்தியது. பேச்சு வராத இடத்தில் மண் உதவியது. கூடவே தஞ்ச வழக்குகளுக்கு மருத்துவ அறிக்கையும் எழுதியது. நாம் முதலில் சொன்ன இரண்டு பிள்ளைகளும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தது இங்கேதான்.

5

1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறு’ என்ற நோயை அங்கீகரித்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களும் அவர்களோடு நின்ற மருத்துவர்களும் போராடிப் பெற்ற அங்கீகாரம் அது. ஒருவகையில் ஓப்பன்ஹைமின் வெற்றி. காரணம் நிகழ்வில் இருக்கிறது, பிறவியமைப்பில் இல்லை என்பது அதிகாரபூர்வமாயிற்று. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ‘நான் பைத்தியம் இல்லை, எனக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது’ என்று ஒருவர் ஆறுதல் கொள்வதைக் கோட்பாடு பேசுகிற நாம் அலட்சியப்படுத்த முடியாது.

ஆனால் கொடுத்த கையாலேயே ஒன்றை எடுத்தும் கொண்டார்கள். நோய்ப் பட்டியலில் நிகழ்வு இருக்கிறது, அதைச் செய்தவன் இல்லை. பூகம்பமும் விபத்தும் சித்திரவதையும் ஒரே வரிசையில் நிற்கின்றன. லண்டன் அறக்கட்டளையிலேயே உளமருத்துவராகப் பணிசெய்த டெரெக் சம்மர்ஃபீல்ட் 1999இல் எழுதிய விமர்சனம் இதைத்தான் குறிவைத்தது. ஒரு சமூகத்துக்கு நேர்ந்த சேதத்தைத் தனிமனிதரின் மண்டைக்குள் நிகழ்கிற தொழில்நுட்பப் பிரச்சினையாக்கி, பிறகு அதற்கு ஆலோசகர்களை ஏற்றுமதி செய்கிறார்கள் என்றார். சிலியர்களின் சாட்சிய முறைக்கும் இது நேர்ந்தது. அதன் கிளையாக ஜெர்மனியில் உருவான கதையாடல்வழிச் சிகிச்சை உகாண்டாவில் சூடானிய அகதிகளிடம் சோதிக்கப்பட்டு 2004இல் நல்ல பலன் காட்டியது. கொடுங்கனவு குறைந்தது. நல்லதுதான். ஆனால் ஆட்சியை நோக்கிய குற்றச்சாட்டாக இருந்த பிரதி, நோய்க்குறி குறைகிறதா என்று அளக்கிற பயிற்சியாகவும் ஆகிவிட்டது. இரண்டையும் ஒருசேரப் பார்க்கத் தெரியவேண்டும்.

இன்னொரு சிக்கல் ‘பிந்தைய’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. தஞ்சம் கேட்டுக் காத்திருப்பவருக்கு எது பிந்தையது? 1999இல் ஆஸ்திரேலியாவில் ஸ்டீல், சிலவ் முதலியோர் 196 தமிழர்களிடம் நடத்திய ஆய்வு இதைத் தொட்டது. போரில் பட்டதோடு, வந்தபிறகு படுகிற பாடும் நோய்க்குறிகளில் தனக்கென ஒரு பங்கு வகிப்பதாக அது கண்டது. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம், வேலையின்மை, ஊரில் விட்டுவந்தவர்களைப் பற்றிய கவலை, இவையெல்லாம் அந்தப் பாட்டில் அடங்கும். அதே 1999இல்தான் அந்நாடு அகதி என்று ஏற்றுக்கொண்டவர்களுக்கே தற்காலிக விசா என்ற தண்டனையைக் கொண்டுவந்தது. 2006இல் வெளியான இன்னோர் ஆய்வு, தற்காலிக விசாவில் வைக்கப்பட்ட ஈராக்கிய மண்டேய அகதிகளின் மனநிலை நிரந்தர விசா பெற்றவர்களைவிட மோசமாக இருந்ததைக் காட்டிற்று. அதாவது, வதிவிட உரிமை என்பது ஒரு மருந்து. அதை வைத்திருப்பவர் மருத்துவர் இல்லை, உள்துறை அமைச்சகம்.

6

1990களிலிருந்து ஐரோப்பா கதவுகளைச் சாத்திக்கொண்டே வந்தது. பெரும்பாலோர் ‘பொருளாதாரக் காரணத்துக்காக வருகிறவர்கள்’ என்ற பேச்சு வலுத்தது. பழைய பென்ஷன் சந்தேகம் இப்போது அகதியின்மேல் வந்து உட்கார்ந்தது. சொல்லை நம்பமாட்டோம், உடம்பைக் காட்டு. பிரான்சில் இதை விரிவாக ஆராய்ந்தவர் மருத்துவராகவும் மானிடவியலாளராகவும் இருந்த திதியே ஃபசான். தஞ்சம் கிடைப்பது அரிதாக ஆக, மருத்துவச் சான்றிதழ் கேட்டு வருவோர் கூட்டம் பெருகியதை அவர் காட்டினார். 1998இல் அங்கே கடும் நோயுள்ள வெளிநாட்டவருக்கு வதிவிட அனுமதி என்று சட்டம் வந்தபோது, துரத்தப்பட்ட மனிதனைவிட நோயுற்ற உடம்புக்கு மதிப்பு அதிகம் என்ற நிலை உருவாயிற்று. அரசியல் அகதியாகக் கேட்டால் கிடைக்காதது நோயாளியாகக் கேட்டால் கிடைக்கும். இதைவிட அவமானம் என்ன இருக்க முடியும்?

சான்றிதழ் எழுதுகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. 75க்கும் மேற்பட்ட வல்லுநர்கள் மூன்றாண்டுகள் உழைத்து 1999இல் ஐ.நா.விடம் கொடுத்த இஸ்தான்புல் நெறிமுறை, சித்திரவதையை எப்படி விசாரித்துப் பதிவு செய்வது என்று வகுத்தது. 2022இல் அது திருத்தி வெளியிடப்பட்டது. வடுவுக்கும் வாக்குமூலத்துக்கும் உள்ள உறவைப் ‘பொருந்தாது’ என்பதிலிருந்து ‘வேறெதனாலும் வந்திருக்க முடியாது’ என்பது வரை ஐந்து படிகளில் சொல்லச் சொன்னது. சித்திரவதைக்காரர்களைக் கூண்டில் ஏற்றுவதற்காகப் பட்டறையில் அடித்துச் செய்த ஆயுதம் அது. தஞ்சத் தீர்ப்பாயத்தில் என்ன ஆயிற்று? கூண்டில் ஏற்றப்பட்டவர் சித்திரவதைக்கு ஆளானவரே. மேலே சொன்ன தமிழரின் வழக்கில் உச்சநீதிமன்றம் இந்த நெறிமுறையைத்தான் ஆதாரமாகக் கொண்டது. ஒரு வடுவைத் தனியாக அல்ல, எல்லாவற்றையும் சேர்த்து, அவர் சொன்னதோடு பொருத்தி மருத்துவர் கருத்துச் சொல்லலாம் என்றது. ஆயுதம் இருபுறமும் வெட்டும். யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதில் சித்திரவதைக்காரர்களும் பாடம் படித்துக்கொண்டார்கள். தண்ணீர், பிளாஸ்டிக் பை, தூங்கவிடாமை, தொங்கவிடுதல். வடு விடாத முறைகள் பெருகின. ஆக, வடு இருந்தால் ‘நீயே சுட்டுக்கொண்டாய்’, வடு இல்லையென்றால் ‘ஒன்றுமே நடக்கவில்லை’. சொல்லும்போது தேதி முன்பின்னானால் பொய். கோர்வையாகச் சொன்னால் மனப்பாடம். நினைவு சிதறிப்போவதுதான் இந்த நோயின் இயல்பு என்று மருத்துவம் சொல்கிறது. நினைவு சிதறாமல் சொல் என்று தீர்ப்பாயம் கேட்கிறது.

7

இதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுச் சங்கதி என்று நாம் தள்ளிவைக்க முடியாது. யாழ்ப்பாணத்து உளமருத்துவர்கள் தமிழில் ‘மனவடு’ என்ற சொல்லைப் புழங்கவைத்தார்கள். போருக்குள்ளேயே இருந்து மருத்துவம் பார்த்தவர் தயா சோமசுந்தரம், ‘முறிந்த பனை’யை எழுதிய நால்வரில் ஒருவர், 1998இல் போரின் உளவியல் தாக்கம் பற்றித் தனி நூலும் எழுதினார். நோய் தனிமனிதரோடு நிற்பதில்லை, குடும்பமும் ஊரும் சேர்ந்தே உடைகின்றன என்பதை வலியுறுத்தியவர். ‘நெஞ்சு பதைக்குது, உடம்பெல்லாம் உளையுது’ என்று வருகிறவர்களின் மொழியை அங்கே மருத்துவர்கள் பொய்யென்று தள்ளவில்லை, நோயின் மொழி என்றே கேட்டார்கள். ஃபனான் கேட்டது இதுதான்.

தமிழகத்துக்கு வருவோம். 1983 முதல் அலை அலையாக வந்தவர்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2020களிலும் முகாம்களில்தான் இருந்தார்கள். 2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. மறுவாழ்வு என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு கனமான இடம் உண்டு. 1984இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்று, 1987 ஜூன் 26இல் நடைமுறைக்கு வந்த சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கு இயன்றவரை முழுமையான மறுவாழ்வை அரசின் கடமையாக்குகிறது. இந்தியா அதில் 1997 அக்டோபரில் கையெழுத்துப் போட்டது, ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறிக் காலாவதியாகிப் போனது. 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் நாம் இல்லை. எனவே இங்கே அகதிக்கு வடுவைக் காட்ட ஒரு தீர்ப்பாயம்கூடக் கிடையாது. காட்டினாலும் கேட்பதற்குச் சட்டம் இல்லை. அங்கே சந்தேகம், இங்கே அக்கறையின்மை. மாறாக நமக்கு இருந்தவை செங்கல்பட்டு, பூந்தமல்லி, திருச்சி ‘சிறப்பு முகாம்கள்’. கம்பிக்குள் இருந்து வந்தவரைத் திரும்பக் கம்பிக்குள் வைத்துவிட்டு அதற்கு முகாம் என்று பெயர் வைத்தோம். முடிவுநாள் தெரியாத காவலை எதிர்த்து உள்ளே இருந்தவர்கள் மீண்டும் மீண்டும் உண்ணாவிரதம் இருந்தார்கள். கோபன்ஹேகன் மருத்துவர்கள் கதவைப் பற்றியும் காத்திருப்பைப் பற்றியும் கண்டறிந்ததை ஒருகணம் இங்கே பொருத்திப் பாருங்கள்.

எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் இதில் செய்யக்கூடியது என்ன? சாட்சியங்களைப் பதிப்பிக்கிறோம், மேடையில் பேசவைக்கிறோம். நல்லது. ஆனால் சிலியர்கள் சொன்ன நிபந்தனை ஒன்று உண்டு: பிரதி சொன்னவருடையது. எப்போது, யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதும் சொல்லாமல் இருப்பதும் அவருடைய உரிமை. நம் அரசியலுக்குத் தேவைப்படும்போதெல்லாம் ஒருவரை எழுப்பி நிறுத்தி ‘அந்தச் சம்பவத்தைச் சொல்லுங்க’ என்று கேட்டால், வடுவைக் காட்டு என்கிற அதிகாரியோடு நாமும் ஒரே மேசையில் உட்கார்கிறோம்.

மற்றது அரசிடம் கேட்கவேண்டியது. உடன்படிக்கையின் ஏற்புறுதி, சித்திரவதைத் தடுப்புச் சட்டம், வழக்கும் தண்டனையும் இல்லாமல் யாரையும் அடைத்துவைக்கும் சிறப்பு முகாம்களுக்கு முடிவு, முகாம்களில் பிறந்து வளர்ந்து பிள்ளைபெற்றவர்களுக்குக் குடியுரிமை. இவற்றை வழக்கமாக நாம் அரசியல் கோரிக்கைகள் என்ற தலைப்பில் எழுதுகிறோம். மருத்துவக் கோரிக்கைகள் என்ற தலைப்பிலும் எழுதலாம். ஐட்டிங்கரிலிருந்து ஆஸ்திரேலிய ஆய்வு வரை உள்ள பல பத்தாண்டு மருத்துவ அனுபவம் அதற்குச் சாட்சி சொல்லும்.